வெள்ளைச் சீமெந்துப் பை

மூன்று நாட்களாகச் சபூரா தன் குளியலறைச் சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை.

மேசனின் மனைவி கண்ணகை சொல்லிவிட்டுப் போனபடிதான் நடந்தாள். சுவரில் ஒட்டிய ரைல்ஸ் ஓடுகளின் இடுக்குகளில் ஊறிய ஈரம் அடியோடு காய்ந்தால்தான் வெள்ளைச் சீமெந்து பிடிக்கும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் உதிர்ந்து கொட்டும். ஆகவே படுக்கையறை மூலையில் ஒரு பெரிய பேசினை வைத்து, அதற்குள் நின்று சத்தமில்லாமல் குளித்துக்கொண்டாள்.

முற்றத்துக் கிணற்றடிக்கு அவள் போக முடியாது. கணவன் சரீப் மௌத்தாகி இன்று ஐம்பத்து மூன்றாம் நாள். நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அவள் கணவனை இழந்த பெண்ணுக்குரிய இத்தா இருக்கிறாள். வெள்ளை உடுப்பு, ஒரே அறை, அந்நிய ஆணின் பார்வை படாத வாழ்க்கை. குளியலறைச் சுவரில் ரைல்ஸ் ஒட்டிய மேசன் இராசதுரை இடுக்கு அடைக்காமல் நின்றுபோனதும் அதனால்தான். அவளுடைய அறையோடு சேர்ந்த அந்தக் குளியலறைக்குள் இனி எந்த ஆணும் கால் வைக்க முடியாது.

அடைக்காத இடுக்குகளால் தண்ணீர் உள்ளே இறங்கி, கீழ் வரிசையில் இரண்டு ரைல்ஸ் வயிறு தள்ளிவிட்டன. இராசதுரை அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தலையில் கை வைத்தான். இன்னும் ஒரு மாதம் விட்டால் முழுச் சுவரும் கையோடு வந்துவிடும் என்றான். அப்படித்தான், பத்து வருடமாக அவனுக்குச் சாந்து குழைத்துக் கொடுத்து, அவன் அடைத்த இடுக்குகளைத் துடைத்துக் கொடுத்த கண்ணகை, முதல் தடவையாகத் தனியே ஒரு சுவரை முடிக்க வந்தாள்.

செட்டிபாளையத்துக்கு அப்பால் உள்ள தங்கள் சின்ன ஊரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டார்கள். இராசதுரை சைக்கிளை மிதிக்க, கண்ணகை பின்னால் வாளியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கடல் காற்று எதிரே அடித்தது.

"கண்ணகை, நான் சொன்னது ஞாபகம் இரிக்கா?"

"எது? சீமெந்துப் பதமா, வாய்ப் பதமா?"

"பகிடி விடாத. அங்க போய் வாயத் திறந்திராத எண்டுதான் சொன்னன்."

"ரெண்டு மாசமா மூடித்தானே இரிக்கு."

"சரீப் தம்பிட உடன்பொறந்தவன் அசனார் எப்பிடிப்பட்டவன் எண்டு உனக்குத் தெரியாதா? கடையில துணி வெட்டுற கத்தரிக்கோல எடுத்துக்கொண்டு வந்திருவான். மறுகா நமக்கு அந்த ஊர்ல வேலை மட்டுமில்ல, வழியும் இல்ல."

போன வாரம் சுவரைப் பார்க்கப் போனபோது அந்த வீட்டில் காதால் கேட்டது கண்ணகையின் நெஞ்சில் முள்ளாக நின்றது. சரீப்பின் மூத்த சகோதரி நபீஸா, வந்திருந்த பெண்களுக்கு நடுவில் கூசாமல் சொன்னாள்: "குளியலறை, குளியலறை எண்டு அவசரப்பட்டு என்ட தம்பிய ரோட்டுக்கு அனுப்பினவள் இவள்தான்." சபூரா குனிந்த தலை நிமிராமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சரீப்பை அனுப்பியது சபூரா அல்ல. அது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று கண்ணகை நினைத்தாள். அந்த இரண்டு பேரும் இப்போது ஒரே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அம்மனுக்குத்தானே எடுத்தம்" என்றான் இராசதுரை, தனக்குத்தானே சொல்வதுபோல.

"அம்மன் கேட்டாவா?"

சபூராவின் ஊரான காத்தான்குடியின் எல்லையில் இராணுவச் சோதனைச் சாவடி வந்தது. அங்கே இறங்கி நடந்தார்கள். ஓர் இளம் சிப்பாய் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். பழைய றப்பர்ச் செருப்பின் அடி ஒன்று, ஒரு ஸ்பொஞ்சு, சாண் நீளத்துக்கு ஒரு மின்சார வயர், நாலைந்து பழந்துணி. அவனுக்குச் சிரிப்பு வந்தது. போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

*

வெள்ளைச் சீமெந்துப் பையைச் சபூராவே அலுமாரியிலிருந்து எடுத்து வந்தாள்.

தடித்த பொலித்தீனில் கட்டிய பை. சரீப்பின் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் அது அப்படியே இருந்தது. காத்தான்குடியிலும் மட்டக்களப்பு நகரத்திலும் வெள்ளைச் சீமெந்து கிடைக்காத போர் நாட்கள் அவை. சாதாரணச் சீமெந்துக்கே அனுமதிக் கடிதம் கேட்டார்கள். வாழைச்சேனைப் பக்கம் ஒரு கடையில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, சரீப் காலையில் போய் வாங்கிக்கொண்டு மதியம் திரும்பிக்கொண்டிருந்தான். வழியில் படையினரும் இயக்கத்தவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். நடுவில் அகப்பட்ட நான்கு பேரில் அவனும் ஒருவன். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கீறல் இல்லை. பையிலும் ஓர் ஓட்டை இல்லை.

"இதிலயே செய்ங்க அக்கா" என்றாள் சபூரா. "வேற வாங்க வேணாம்."

கண்ணகை இரண்டு கையாலும் அதை வாங்கினாள். கட்டை அவிழ்த்து விரலால் கிள்ளிப் பார்த்தாள். மா போல மெத்தென்று இருந்தது.

முதலில் இடுக்குகளில் கிடந்த தூசியையும் பழைய சாந்தையும் ஈர்க்கினால் சுரண்டி எடுத்தாள். வயிறு தள்ளிய இரண்டு ரைல்ஸையும் கழற்றி மறுபடி ஒட்டினாள். பிறகு நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சீமெந்தைக் குழைத்தாள்.

குளியலறையின் பின்சுவரில், கூரைக்குக் கீழே, காற்றுத் துளைகள் இருந்தன. அவற்றுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் இராசதுரை குந்தியிருந்தான். உள்ளே வர முடியாத மேசன் குரலை மட்டும் அனுப்பினான்.

"தயிர் மாதிரி இரிக்கணும்! கட்டித் தயிர்!"

"ஓம்."

"குழைச்ச உடன பூசிராத! பத்து நிமிசம் ஊற விடு! மறுகா ஒருக்காக் கிண்டு!"

"ஓமெண்டு சொல்றன்தானே!"

"இடுக்கோட சேத்து இழுக்காத! குறுக்கால இழு! நேர இழுத்தா செருப்பு விளிம்பு இடுக்குக்குள்ள இறங்கித் தோண்டிப் போட்டிரும்!"

"இஞ்ச பாருங்க, பத்து வருசமா உங்கட தோண்டல் எல்லாத்தையும் நிரவினது ஆர்?"

ஐம்பத்து மூன்று நாளுக்குப் பிறகு சபூராவின் வாயோரம் சிரிப்பு ஒன்று வந்து மறைந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணகை சுவரை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டாள். ஒரு பங்கைப் பூசி, அதைத் துடைத்து முடித்த பிறகே அடுத்தது. செருப்பின் அடியால் சீமெந்தை அள்ளி, இடுக்குகளுக்குக் குறுக்காக அழுத்தி இழுத்தாள். இளநீல ரைல்ஸின் மேல் வெள்ளை படர்ந்தது. மிச்சத்தை வழித்து எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"துடை! நேரம் சரி!" என்று வெளியிலிருந்து சத்தம் வந்தது.

அவள் இடுக்கு ஒன்றில் விரலை வைத்துப் பார்த்தாள். விரலில் வெள்ளை ஒட்டியது. இன்னும் இல்லை. இப்போது ஸ்பொஞ்சை வைத்தால் இடுக்கிலிருப்பதை எல்லாம் அது உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும். சுவர் முழுக்க வாய்க்கால் வெட்டினதுபோல் பள்ளம் விழும். பிந்தினால் அதைவிடக் கேடு. கல்லாகப் போய்விடும்.

"துடைச்சிட்டியா?"

"துடைச்சிட்டன்" என்று பொய் சொல்லிவிட்டு இன்னும் காத்திருந்தாள். மறுபடி விரலை வைத்தபோது ஈரம் தெரிந்தது, வெள்ளை ஒட்டவில்லை. அப்போதுதான் வயரை எடுத்து ஒவ்வோர் இடுக்கின் மேலும் மெல்ல ஓட்டினாள். மேடு அடங்கியது, குழி நிரம்பியது. ஸ்பொஞ்சைச் சொட்டுத் தண்ணீர் விழாமல் பிழிந்து ஒரே ஒரு தடவை குறுக்காகத் துடைத்தாள். திருப்பி, மறு பக்கத்தால் ஒரு தடவை. பிறகு வாளியில் அலசினாள்.

சபூரா எழுந்து வந்து ஓர் இடுக்கில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ரைல்ஸ் எங்கே முடிகிறது, சீமெந்து எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

"கண்ணாடி மாதிரி" என்றாள் மெதுவாக.

மதியத்துக்குள் இரண்டு பங்கு முடிந்தது.

*

மதிய லுஹர் தொழுகை முடிந்த கையோடு நபீஸா வந்தாள். நாற்பத்தைந்து வயதுக்காரி, கனத்த உடம்பு, கையில் சாப்பாட்டுக் கூடை. குரல் அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

"மேசனுக்கு மரத்தடியில சோறு குடுத்திட்டன். வெயில்ல கிடந்து கத்துறான் மனுசன், இத்தா வீடெண்டும் பாக்காம. உனக்கு இஞ்ச இரிக்கு புள்ள. மீன் ஆணம், உங்களுக்கெண்டு உறைப்புக் குறைச்சுத்தான் வச்ச. கையக் கழுவிட்டுத் தின்னு."

"வேலை முடியட்டும் ராத்தா."

"பசியோட செய்ற வேலை நேர வராது. தின்னுகா."

கண்ணகை சாப்பிட்டாள். நபீஸா பக்கத்திலிருந்து இன்னும் ஒரு துண்டு மீனை எடுத்து அவள் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். ஒருவேளை இந்த மனுசி கெட்டவளாகவே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கண்ணகைக்குத் தோன்றியது. அவள் கெட்டவள் அல்ல. தம்பியைப் பறிகொடுத்தவள். துக்கத்தை வைக்க ஓர் இடம் தேடி, கிட்ட இருந்த சபூராவின் தலையில் அதை இறக்கி வைத்தவள். நம்மில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறோம் என்று இறைவனுக்குத் தெரியும்.

சாப்பாடு முடிந்து கண்ணகை மூன்றாவது பங்கைப் பூசத் தொடங்கினாள். முழுப் பங்கும் பூசி, செருப்பை வாளியில் போட்டு நிமிர்ந்தபோது, அறைக்குள் நபீஸா அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"றம்லாட உடுப்பெல்லாம் எங்க வச்சிரிக்காய்?"

றம்லா சபூராவின் ஒரே மகள். ஒன்பது வயது.

"எதுக்கு மதினி?" என்றாள் சபூரா.

"எதுக்கெண்டு கேக்கிறியா? வெள்ளிக்கிழமை அசனாரும் நானும் பேசி முடிச்சிட்டம். புள்ள இனி என்ட வீட்ட வளரட்டும். பள்ளிக்கூடமும் கிட்ட. உனக்கு உம்மா வாப்பாவும் இல்ல, கேக்கப் பாக்க ஆளும் இல்ல."

"அவள் என்ட புள்ள, மதினி."

"என்ட தம்பிட புள்ளயும்தான். வாப்பாவ அனுப்பின மாதிரி அவளயும் நீ எங்கயும் அனுப்பிட்டா, நான் எங்க போய்த் தேடுவன்?"

தஸ்பீஹ் மணி சபூராவின் கையில் நின்றுவிட்டது. உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. நபீஸா சின்னச் சின்னச் சட்டைகளை மடித்து ஒரு பைக்குள் வைக்கத் தொடங்கினாள். முன் மண்டபத்தில் றம்லா பாயில் உட்கார்ந்து இதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குளியலறைக்குள் கண்ணகை சுவரைப் பார்த்தாள். விரலை வைத்தாள். ஒட்டவில்லை. துடைக்க வேண்டிய நேரம் இதுதான். பத்து நிமிடம் போனால் சுவர் கெட்டுவிடும்.

காற்றுத் துளைகளுக்கு வெளியே மெதுவான குரல் வந்தது. "கண்ணகை... துடை. சுவரப் பாத்துக்கொண்டு துடை."

அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அவள் ஸ்பொஞ்சை எடுத்துப் பிழிந்தாள். சுவரில் வைத்தாள். ஒரு தடவை இழுத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"ராத்தா, சரீப் தம்பிய சபூரா அனுப்பல்ல."

நபீஸா திரும்பினாள்.

"கண்ணகை!" என்று வெளியில் இராசதுரை கத்தினான். "கண்ணகை, வேணாம்!"

"முதல்ல வாங்கின பை ஈரம் பிடிச்சுக் கட்டியாப் போச்செண்டு இவர் தம்பிட்டச் சொன்ன. அது பொய். பை கட்டியாகல்ல. வைகாசிச் சடங்குக்கு எங்கட ஊர்க் கோயில் கதவு திறக்க முதல், அம்மன்ட பீடம் வெடிப்பு விட்டுக் கிடந்தது. ஒரு கடையிலயும் வெள்ளைச் சீமெந்து இல்ல. இஞ்ச வச்சிருந்த பைய எடுத்துக்கொண்டு போய் அதுக்குப் பூசிட்டம். குழைச்சது நான். பூசினது இவர். ஒரு கிழமையில வாங்கித் திருப்பி வச்சிரலாமெண்டு நினைச்சம். கிடைக்கல்ல. தம்பி கேக்கக்குள்ள இவர் அந்தப் பொய்யச் சொன்னார். நான் பக்கத்தில நிண்டன். வாயத் திறக்கல்ல. தம்பி வேற பை வாங்கப் போனது அதனாலதான்."

சொல்லி முடித்தபோது அவள் இறுகப் பிடித்திருந்த ஸ்பொஞ்சிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

நபீஸாவின் கையில் ஒரு பூப்போட்ட சட்டை பாதி மடித்தபடி நின்றது.

"கோயிலுக்கா?" என்றாள்.

"ஓம் ராத்தா."

"எங்கட சீமெந்தில உங்கட அம்மன் நிக்கிறா. என்ட தம்பி மண்ணுக்குள்ள கிடக்கான். இப்ப நான் வச்ச சோத்தத் திண்டிட்டு வந்து இதச் சொல்ற நீ."

கண்ணகை தலை குனிந்தாள். அம்மனுக்குச் செய்த தொண்டு என்று இரண்டு மாதமாக மனதுக்குள் வைத்திருந்த வார்த்தை, இந்த அறையில் வாயில் எடுக்க முடியாததாக இருந்தது. அடுத்தவன் பொருளை எடுத்து வைத்த காணிக்கையை எந்தத் தெய்வம்தான் கை நீட்டி வாங்கும்?

"மதினி" என்றாள் சபூரா.

அவள் குரல் தெளிவாக இருந்தது.

"அது அவருக்குத் தெரியும்."

"எவருக்கு?"

"உங்கட தம்பிக்கு. மேசன் கட்டியாப் போச்செண்டு சொல்லக்குள்ள, ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டுதான் வந்தார். சாப்பிடக்குள்ள எனக்கிட்டச் சொல்லிச் சிரிச்சார். 'கட்டியாப் போயிருந்தா கட்டி எங்க? வளவு முழுக்கப் பாத்திட்டன், பையும் இல்ல, கட்டியும் இல்ல. அவன்ட ஊர்ல சடங்கு. கோயிலுக்குத்தான் போயிரிக்கும். கேட்டா மனுசன் வெக்கத்தில செத்திருவான். ஒரு பைக்காக அவன்ட மானத்த வாங்க ஏலுமா? நான் ஒரு நடை போய் வேற ஒண்டு வாங்கிட்டு வாறன்' எண்டார்."

சபூரா தஸ்பீஹ் மணியை மடியில் வைத்தாள்.

"'இத ஒருத்தரிட்டயும் சொல்லிராத' எண்டார். அடுத்த நாள் விடிய சுபஹ் தொழுதிட்டுப் போனார். எனக்கிட்ட அவர் கேட்ட கடைசிச் சொல் அதுதான் மதினி. அத நான் எப்பிடி உடைப்பன்?"

கண்ணகை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொன்னவர்களை வெட்கப்படுத்தக் கூடாது என்று ஒரு மனிதன் தானாகப் புறப்பட்டுப் போனான். இரக்கத்துக்காக எடுத்த ஒரு நடை அது. அதன் பயன் மறுமையில் அவனுக்கு உண்டு என்று நாம் நம்பலாம். அந்த அறையில் நின்ற மூன்று பெண்களுக்கும் அன்றைக்கு அந்த நம்பிக்கை ஆறுதலாக இருக்கவில்லை.

நபீஸா கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"புள்ளைய எடுத்துக்கொண்டு போக வந்தன். அப்பவும் நீ வாயத் திறக்கல்லயே."

"திறக்கத்தான் பாத்தன். வரல்ல."

"ஐம்பத்து மூணு நாள்." நபீஸாவின் குரல் உயர்ந்தது. "ஒவ்வொரு நாளும் உன்ன ஏசினன். ஊர்ப் பொம்புளயளுக்கு நடுவில ஏசினன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உனக்கு எதிராக் கை ஏந்தினன் சபூரா! நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் நிப்பாட்டியிருப்பன். இவ்வளவு பாவத்தயும் என்னச் சம்பாதிக்க விட்டிட்டு நீ பொறுமையா இருந்தாயா? இது என்ன பொறுமை? ஆருக்காக இந்தப் பொறுமை?"

சபூரா, நபீஸா இரண்டு பேரின் கண்களிலிருந்தும் கண்ணீர் ஓடியது. ஆனால் கிட்டப் போய் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளவில்லை. இடையில் இருந்தது நான்கு அடிதான். அதைத் தாண்ட அன்றைக்கு யாராலும் முடியவில்லை.

நபீஸா எழுந்தாள். மடித்த சட்டையைக் கட்டிலில் வைத்தாள். உடுப்புப் பையை எடுக்கவில்லை. வாசலில் எழுந்து நின்ற றம்லா, "மாமி, நான் வரணுமா?" என்று கேட்டாள்.

"இரி" என்றாள் நபீஸா. அவள் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

பிறகு கண்ணகையிடம் திரும்பினாள். "அசனார்ட இத நான்தான் சொல்லணும். என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியா. உன்ட புருசனக் கூட்டிக்கொண்டு போறெண்டா இப்பவே போ. அவ்வளவுதான் என்னால ஏலும்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

*

கண்ணகை சபூராவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, எங்கள மன்னிச்சிருங்க."

சபூரா அவளைப் பார்த்தாள்.

"அவர் மன்னிச்சிட்டார் அக்கா. அதுதான் போனார். நான் மன்னிக்கல்ல. ஒவ்வொரு நாளும் மன்னிக்கத்தான் பாக்கிறன், இன்னும் முடியல்ல. பொய் சொல்லமாட்டன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சுவர் காயுது. முடிச்சிட்டுப் போங்க."

கண்ணகை உள்ளே போனாள். நினைத்தபடியே ஆகியிருந்தது. மூன்றாவது பங்கில் சீமெந்து ரைல்ஸின் மேல் இறுகி, சாம்பல் பூத்ததுபோல் நின்றது. இடுக்குகளில் மேடும் பள்ளமும் அப்படியே பிடித்துவிட்டன. ஒரு மரச் சீவலை நனைத்து, ரைல்ஸில் கீறல் விழாமல் அங்குலம் அங்குலமாகச் சுரண்டினாள். உயர்ந்து நின்ற இடங்களை மரச் சீவலால் தேய்த்துத் தாழ்த்தினாள். குழிந்த இடங்களில் மிச்சச் சீமெந்தை விரல் நுனியால் வைத்து வயரால் நிரவினாள். நகங்கள் தேய்ந்து எரிந்தன. முதல் இரண்டு பங்கின் நேர்த்தி அதில் வரவில்லை. ஆனாலும் தண்ணீர் உள்ளே இறங்காது.

"நாளைக்குக் காலையில தெளிச்ச மாதிரித் தண்ணி காட்டுங்க" என்றாள். "மூணு நாளைக்குச் சுவர்ல ஊத்திக் குளிக்க வேணாம்."

"சரி அக்கா."

வெளியிலிருந்து ஒரு யோசனையும் வரவில்லை. அப்போதுதான் அது கண்ணகைக்கு உறைத்தது. எவ்வளவு நேரமாக அவர் குரல் கேட்கவில்லை?

பின் வளவுக்கு ஓடினாள். முருங்கை மரத்தடியில் நபீஸா கொடுத்த சோற்றுக் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. இராசதுரை இல்லை.

சைக்கிளை விட்டுவிட்டு மனுசன் எங்கே ஓடியிருக்க முடியும்? சோதனைச் சாவடிக்கு நடந்தா? கடற்கரைப் பக்கமா? அவனைப் பிடித்து அவசரமாக ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடு கைகூடக் கழுவாமல் ஒழுங்கைக்குள் இறங்கினாள்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் பெரிய தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் அசனாரின் துணிக்கடை.

கடைப்படியில் நபீஸா நின்றாள், இப்போதுதான் வந்தவள் போல. அவள் உள்ளே போகவில்லை. கால் ஒன்று படியிலும் மற்றது தெருவிலுமாக நின்றுவிட்டிருந்தாள்.

உள்ளே துணி அளக்கும் மேசைக்கு முன்னால் இராசதுரை நின்றுகொண்டிருந்தான். தோளில் கிடந்த துவாயை எடுத்து இரண்டு கையிலும் பிடித்திருந்தான். அவன் வாய் அசைந்தது தெரிந்தது. தெருச் சத்தத்தில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அசனார். கையில் அளக்கும் கோல். பாதி விரித்த சேலைத் துணி மேசையிலிருந்து நழுவி நிலத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் பிடிக்கவில்லை.

காலையில் வாயைத் திறக்காதே என்று கெஞ்சின மனிதன் இவன்தான். சரீப்புக்குத் தெரியும் என்று சபூரா சொன்னதைக் காற்றுத் துளை வழியாகக் கேட்டபிறகு, மரத்தடியில் அவனால் குந்தியிருக்க முடியவில்லை.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். தெருவில் ஒவ்வொரு கடையாகக் கதவு இறங்கத் தொடங்கியது.

நபீஸா ஒரு தடவை திரும்பிக் கண்ணகையைப் பார்த்தாள். பிறகு படியேறி உள்ளே போனாள். கையை உயர்த்திக் கடையின் இரும்புக் கதவை அவளே இழுத்து இறக்கினாள். உள்ளே மூன்று பேர்.

கண்ணகை தெருவைக் கடந்து போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். தட்டக் கை வரவில்லை. பள்ளிவாசலுக்குப் புறப்பட்ட பக்கத்துக் கடைக்காரக் கிழவர் அவளைப் பார்த்து நின்றார். அவள் யார், எதற்காக நிற்கிறாள் என்று கேட்கவில்லை.

"கையில சீமெந்து காயுது புள்ள. தோல் பொத்துப் போகும்" என்று சொல்லி, தன் கடைப்படியில் தொழுகைக்குமுன் ஒளுச் செய்ய வைத்திருந்த கேத்தல் தண்ணீரை அவள் கைகளில் ஊற்றினார்.

வெள்ளைத் தண்ணீர் மண்ணில் ஓடியது. அவர் போய்விட்டார். தெரு வெறுமையாயிற்று. கண்ணகை ஈரக் கையோடு இரும்புக் கதவில் காதை வைத்தாள்.

உள்ளே ஒருவரும் பேசவில்லை.